யார் செய்தது என்று கேட்கும் முன் எங்கே நடந்தது என்று பாருங்கள்: வளாகமும் மாணவர் ஒழுங்கீனமும் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பெயர்கள்தான் நிறைந்திருக்கும். யார் அடித்தான், யார் திட்டினான், யார் பெஞ்சை உடைத்தான், பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டார்களா, எல்லாம் இருக்கும். ‘இடம்’ என்ற கட்டத்தில் மட்டும் ‘பள்ளி வளாகம்’ என்று இரண்டே வார்த்தைகள். எத்தனை மணிக்கு நடந்தது என்பது பாதிப் பதிவுகளில் இருக்கவே இருக்காது.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் பழைய பதிவுகளை எடுத்து, சக ஆசிரியர்களிடம் கேட்டுக் கேட்டு, இடவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வகுப்பறைக்கு வெளியே நடந்த தகராறுகளில் பெரும்பகுதி இரண்டே இடங்களில் நடந்திருந்தது. ஒன்று, பின்பக்க மாடிப்படியின் திருப்பம். இன்னொன்று, குடிநீர்க் குழாயடி. ஆண்டுக்கு ஆண்டு மாணவர்கள் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டார்கள், பெயர்கள் மாறிவிட்டன. இடம் மட்டும் மாறவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

கட்டடம் யாரையும் கெட்டவனாக்காது. ஆனால் நெரிசல், இரைச்சல், வெக்கை, யாரும் பார்க்காத மூலை, உடைந்து கிடக்கும் கதவு ஆகியவை பொறுமையைத் தின்னும். வம்புக்கு வழி திறந்துவிடும். மாணவரின் குணத்தை மாற்ற வருடங்கள் ஆகும். குழாயடியில் இரண்டாவது குழாய் போட ஒரு வாரம் போதும். ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், கல்லூரி நிர்வாகிகள், விடுதிக் காப்பாளர்கள் என யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த ஒழுங்கீனம் என்று பிரியுங்கள்

‘பசங்க அடங்கவே மாட்டேங்கிறாங்க’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதையும் சரிசெய்ய முடியாது. வகுப்பு நடக்கும்போது பேசுவது, எழுந்து திரிவது ஒரு வகை. வகுப்புக்கு வெளியே தள்ளுமுள்ளு, சீண்டல், கைகலப்பு இன்னொரு வகை. சுவரில் கிறுக்குவது, குழாயை முறுக்கி உடைப்பது மூன்றாவது. வகுப்புக்கு வராமல் எங்கோ ஒளிந்துகொள்வதும் உண்டு. அது பல நேரம் ஒழுங்கீனமே இல்லை, பயம். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் இடக்காரணங்கள் வேறு வேறு. உங்கள் வளாகத்தில் எது அதிகம் என்று பார்த்து, முதலில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெயர் இல்லாத ஒரு வரைபடம்

வளாகத்தின் படத்தைத் தளம் தளமாக ஒரு தாளில் வரையுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. வாசல், படிக்கட்டு, தாழ்வாரம், கழிப்பறை, கேன்டீன், வண்டி நிறுத்துமிடம், மைதானம் எல்லாம் தெரிந்தால் போதும். அடுத்த 4 வாரங்கள், ஒவ்வொரு சம்பவத்துக்கும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் மூன்று குறிப்புகள்: எத்தனை மணி, ஏறக்குறைய எத்தனை பேர் அங்கே இருந்தார்கள், பெரியவர் யாராவது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாரா.

மாணவர் பெயரை இந்தத் தாளில் எழுதக் கூடாது. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். பெயர் வந்துவிட்டால் பேச்சு முழுக்க அந்தப் பையனைச் சுற்றியே போகும், படிக்கட்டு மறந்துபோகும்.

அப்புறம் மாணவர்களையே கேளுங்கள். ஆசிரியருக்குத் தெரியவருவது நடப்பதில் ஒரு பங்குதான். ரான் ஆஸ்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் செய்து 1999-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள் கையில் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, வன்முறை நடந்த இடத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொன்னார்கள். புள்ளிகள் தாழ்வாரம், உணவுக்கூடம், வண்டி நிறுத்துமிடம் போன்ற இடங்களில், அதுவும் பெரியவர்கள் அங்கே இல்லாத நேரங்களில் போய் விழுந்தன. ஆஸ்டர் குழுவினர் அவற்றை யாருக்கும் சொந்தமில்லாத இடங்கள் என்று அழைத்தார்கள். வகுப்பறை என்றால் அதற்கு ஒரு ஆசிரியர் பொறுப்பு. தாழ்வாரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லோரும் என்பார்கள். நடைமுறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நீங்களும் வரைபடத்தின் நகலை ஒவ்வொரு மாணவரிடமும் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். எங்கே போக உனக்குப் பிடிக்காது, எங்கே சுற்றிப் போகிறாய், எந்த நேரத்தில் என்ற கேள்விகள் போதும். ஆண், பெண், சிறு வகுப்பு, பெரிய வகுப்பு என்று தனித்தனிக் கட்டாகச் சேகரியுங்கள். பெரிய வகுப்பு மாணவர்களுக்கு ஜாலியான இடம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயங்கரமான இடமாக இருக்கலாம். துப்புரவுப் பணியாளரையும் வாசல் காவலாளியையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கழிப்பறைத் தாழ்ப்பாள் எப்போது உடைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களை யாரும் கேட்பதும் இல்லை.

படி 3: மணி அடிக்கும் நேரத்தில் நடந்து பாருங்கள்

புள்ளிகள் கூடிய இடத்துக்கு நேரில் போங்கள். காலியாக இருக்கும்போது போனால் எதுவும் தெரியாது. காலை நுழையும் நேரம், இடைவேளை, மதிய உணவு, கடைசி மணி ஆகிய நான்கு வேளையும் போக வேண்டும். சின்ன வகுப்பென்றால் ஒரு தடவை குனிந்து, அவர்கள் கண் உயரத்திலும் பாருங்கள்.

நான் மேலே சொன்ன பின்பக்கப் படிக்கட்டில் மூன்று நாள் நின்றேன். இடைவேளை மணி அடித்ததும் இரண்டாம் மாடியிலிருந்து மூன்று வகுப்புகள் இறங்கும். அதே நேரத்தில் ஆய்வகம் போகும் ஒரு வகுப்பு கீழிருந்து ஏறும். திருப்பத்தில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்ததால் இடம் பாதியாகிவிட்டது. பல்பு எரியவில்லை. ஏறுபவன் தோள் இறங்குபவன் பையில் இடிக்கும். இடித்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னாலிருந்து தள்ளு. அவனுக்கு யார் இடித்தது என்றே தெரியாது. பக்கத்தில் நிற்பவன் சட்டையைப் பிடிப்பான். மேலே உள்ளவர்கள் ‘ஓ’ என்று கத்துவார்கள். ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கூச்சல் மட்டும் கேட்கும். நாங்கள் வந்து சேரும்போது சட்டைப் பொத்தான் அறுந்த இரண்டு பேர் நிற்பார்கள், பதிவேட்டில் இரண்டு பெயர் ஏறும்.

பெஞ்சுகளை அகற்றி, பல்பு மாற்றி, ஏறுபவர்கள் முன்பக்கப் படியில் ஏற வேண்டும் என்று ஒருவழியாக்கினோம். அந்தத் திருப்பத்தில் அதற்குப் பின் தகராறு அபூர்வமாகிவிட்டது. முன்பு அங்கே சட்டையைப் பிடித்துக்கொண்ட பையன்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவர்களில் சிலரை நாங்கள் ‘சண்டைக்காரன்’ என்றே முத்திரை குத்திவிட்டோம்.

படி 4: ஆளில்லா இடத்துக்கு ஆள் போடுங்கள், ஆனால் நிற்பதற்கு இல்லை

1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் குற்றத்தைப் பற்றி எளிமையான ஒரு விளக்கம் தந்தார்கள். செய்யத் துணிந்தவர், எளிதில் அகப்படும் இலக்கு, தடுக்கக்கூடியவர் அங்கே இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால் அது நடக்கிறது. பள்ளிச் சீண்டலுக்கும் இது அப்படியே பொருந்தும். முதல் இரண்டை மாற்றுவது கடினம். மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

மேற்பார்வை என்றதும் ஒரு ஆசிரியரைத் தூணோரம் நிறுத்திவிடுகிறோம். அவர் செல்பேசியைப் பார்ப்பார், அல்லது இன்னொரு ஆசிரியரோடு பேசிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜெஃப் கால்வினும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு மாறும் நேரங்களைக் கவனித்தார்கள். பலன் தந்தவை மூன்று: நடந்துகொண்டே இருப்பது, பார்வையைச் சுழற்றுவது, பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுவது. பெரியவர்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைவிட, பிள்ளைகளோடு எவ்வளவு பழகினார்கள் என்பதற்கே வலு அதிகம். ஆகவே பணிப்பட்டியலில் ‘தாழ்வாரம்: 10.40 முதல் 10.55’ என்று போடுவதோடு நிற்காதீர்கள். எங்கிருந்து எங்கே நடக்க வேண்டும், எந்த மூலையை எட்டிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக்கொடுங்கள்.

ஆள் போட முடியாத இடத்தில் பார்வையைத் திறந்துவிடலாம். கதவில் சிறு கண்ணாடி, வளைவில் குவிந்த கண்ணாடி, மறைக்கும் அலமாரியை நகர்த்துவது, புதரை இடுப்பு உயரத்துக்கு வெட்டுவது, இருட்டில் விளக்கு. கட்டட அமைப்பின் மூலமே குற்றத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1970-களின் தொடக்கத்தில் ரே ஜெஃப்ரி, ஆஸ்கர் நியூமன் ஆகியோர் வடிவம் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் ஜன்னல் வழியே இயல்பாகப் பார்க்கும் இடங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன என்பது நியூமனின் வாதம். பள்ளிக்கு இதைப் பொருத்தினால், அலுவலகத்தையோ நூலகத்தையோ அடிக்கடி தகராறு நடக்கும் முற்றத்தைப் பார்த்தபடி மாற்றுவது நல்ல யோசனை. ஒரு ஆசிரியரின் மேசையை ஜன்னலோரம் திருப்பிப் போடுவதுகூட வேலை செய்யும், செலவும் இல்லை.

கழிப்பறையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மாணவர் வரைபடத்தில் அநேகமாக அதிகப் புள்ளி விழுவது இங்கேதான். உள்ளே ஆசிரியர் போய் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. அந்தரங்கம் கெடாமல் என்ன செய்யலாம்? கைகழுவும் இடத்தைத் தாழ்வாரத்தின் பக்கம் திறந்ததாக வையுங்கள். அறைக்கதவுகள் உள்ளே மறைவாக, உறுதியாக, தாழ்ப்பாள் நன்றாக விழும்படி இருக்கட்டும். கூட்டமாக நின்று பேச வசதியான இடம் உள்ளே இருந்தால் அதைக் குறைக்கலாம். சிறு வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் தனிக் கழிப்பறையோ தனி நேரமோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தம். கழிப்பறைக்குப் போகப் பயந்து காலை முழுதும் தண்ணீர் குடிக்காத பிள்ளை மதியம் தலைவலியோடு எரிச்சலாக உட்கார்ந்திருக்கும். அது வகுப்பில் எதிர்த்துப் பேசினால் நாம் திமிர் என்கிறோம்.

படி 5: நெரிசலைக் கணக்குப் போடுங்கள்

நெரிசலை அறிவுரையால் தீர்க்க முடியாது, கணக்கால்தான் தீர்க்க முடியும். ஒரு படிக்கட்டின் கீழே நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். மேலே 420 மாணவர்கள் இருந்தால், கடைசி ஆள் கீழே வர 7 நிமிடம். இடைவேளையே 10 நிமிடம் என்றால் அவன் ஓடாமல் என்ன செய்வான்? முண்டியடிக்காதே என்று அறிவிப்புப் பலகை வைப்பது அவனைப் பொறுத்தவரை தண்ணீர் குடிக்காதே என்று சொல்வதற்குச் சமம்.

தீர்வுகள் இந்தக் கணக்கிலேயே இருக்கின்றன. வகுப்புகளை 5 நிமிட இடைவெளியில் விடலாம். ஏறவும் இறங்கவும் தனிப் படி வைக்கலாம். அடுத்தடுத்த பாடவேளைகளை ஒரே தளத்தில் வரும்படி அட்டவணை போட்டால் பாதி நடமாட்டம் குறைந்துவிடும். வளாகத்தின் ஒழுங்கைத் தீர்மானிப்பதில் டைம்டேபிள் போடுபவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கே பல நேரம் அது தெரிவதில்லை.

வரிசைகளுக்கும் இதே கணக்குதான். கேன்டீனில் ஒரு ஜன்னல், நூறு பேர், கால் மணி நேரம் என்றால் இடையில் புகுபவன் இருக்கத்தான் செய்வான். இரண்டாவது ஜன்னல் திறங்கள். வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தரையில் கோடு போடுங்கள். வாங்கிக்கொண்டு வெளியேறும் வழி, வரிசைக்குக் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் தட்டோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போதுதான் அடுத்தவன் மேல் குழம்பு கொட்டும், அங்கிருந்து ஆரம்பிக்கும்.

படி 6: வகுப்பறை

இங்கே மெதுவாகப் போக வேண்டும், ஏனென்றால் நாளின் பெரும்பகுதி இங்கேதான் கழிகிறது.

*சத்தம்.* வகுப்பு நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி அடங்க 0.6 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. ஆசிரியர் குரல் அந்த இரைச்சலைவிட 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் பின்வரிசைக்குச் சொற்கள் தெளிவாகப் போய்ச் சேரும். கேட்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் ‘என்ன சொன்னாங்க’ என்று கேட்கும். அந்தக் கேள்வி இரைச்சலோடு சேரும், ஆசிரியர் குரலை உயர்த்துவார், எல்லோரும் உயர்த்துவார்கள்.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. நியூயார்க்கில் ஒரு தொடக்கப் பள்ளியை ஒட்டி உயர்மட்ட ரயில்பாதை போனது. ஆர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975-இல் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து வகுப்பு மாணவர்கள் அமைதியான பக்கத்து மாணவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு ஆண்டு. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறை மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் இரண்டு பக்கமும் சமமாகியிருந்தன.

காலி வகுப்பில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் ‘டக்’ என்று நிற்காமல் கணீரென்று இழுத்தால் எதிரொலி அதிகம். பின்சுவரில் துணி ஒட்டிய அறிவிப்புப் பலகைகள், ஜன்னலுக்குக் கனமான திரை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் ஆகியவை ஓரளவு அடக்கும். நாற்காலி தரையில் கிறீச்சிடும் சத்தம் ஒரு பாடவேளையில் எத்தனை தடவை வருகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

*காற்றும் வெப்பமும்.* 40 பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அறை 150 கன மீட்டர், அதாவது 1,50,000 லிட்டர். உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும். 40 பேருக்கு 600 லிட்டர். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் 4000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 4000 பங்கு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பதே 420 சொச்சம். காற்றோட்டம் போதவில்லை என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் 1000 பிபிஎம்மை அந்த அறை பத்து நிமிடத்துக்குள் தாண்டிவிடும். மதிய வகுப்பில் கொட்டாவி, நெளிதல், சலசலப்பு எல்லாவற்றையும் சோம்பலின் கணக்கில் எழுதுகிறோம். இரண்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.

வெப்பமும் அப்படித்தான். அமெரிக்காவில் ஜிசங் பார்க் குழுவினர் 2020-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வெப்பமான கல்வியாண்டுகளில் படிப்பு குறைவதையும், குளிர்சாதன வசதி அந்த இழப்பைப் பெருமளவு தடுப்பதையும் காட்டியது. குளிர்சாதனம் எல்லா இடத்திலும் சாத்தியமில்லை. மேல்தளத்துக்கு வெள்ளை பூசுவது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் தருவது, மாடியில் வெயில் இறங்கும் பாடவேளைக்குக் கீழ்த்தள அறை ஒதுக்குவது ஆகியவை முடியும். சேட்டைக்காரர்கள் என்று பெயர் எடுத்த பிரிவுக்கு எந்த அறை கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தால், முதலில் அறையை மாற்றுங்கள்.

*இருக்கை.* குழுவாக உட்கார்ந்தால் நவீனம், வரிசையாக உட்கார்ந்தால் பழமை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ரேச்சல் வானார்க்கா, கேத்தி ரூல் இருவரும் 2008-இல் இருக்கை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தனியாகச் செய்யும் வேலைக்கு வரிசை நல்லது. அதிகம் இடையூறு செய்யும் மாணவர்களுக்கே அதனால் அதிகப் பலன். கலந்து பேச வேண்டிய வேலைக்குக் குழு நல்லது. முகத்துக்கு முகம் பார்த்து உட்காரவைத்துவிட்டுப் பேசாதே என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே, நகர்த்த எளிதான மேசைகள் இருந்தால் ஒரே பாடவேளையில் இரண்டையும் செய்யலாம்.

ஆசிரியர் எந்தப் பெஞ்சுக்கும் எளிதாகப் போகும்படி நடுவில் வழி விடுங்கள். முன்வரிசையையும் நடுவையும் நோக்கியே நம் கேள்விகள் போகும் என்பதை 1970-லேயே ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் காட்டினார்கள். கடைசி பெஞ்சுக்கு நாம் போனால்தான் கடைசி பெஞ்சு நம்மிடம் வரும்.

*சுவர்.* அலங்காரம் அளவோடு இருக்கட்டும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் நடந்த சிறு ஆய்வொன்றில், படங்கள் நிறைந்த அறையில் மழலையர் 38.6 சதவீத நேரம் கவனம் சிதறினார்கள், வெறுமையான அறையில் 28.4 சதவீதம். சின்னப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு அது, கல்லூரிக்கு அப்படியே பொருத்த வேண்டாம். கரும்பலகை இருக்கும் சுவரையாவது காலியாக விடுங்கள், மற்றதைப் பின்சுவருக்கு மாற்றுங்கள்.

ஜன்னல் வழியே மரம் தெரிந்தால் நல்லது. டாங்யிங் லீயும் வில்லியம் சல்லிவனும் 2016-இல் 94 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், பசுமை தெரியும் ஜன்னல் இருந்த அறையில் இடைவேளைக்குப் பின் கவனமும் மன அழுத்தத்திலிருந்து மீள்வதும் மேம்பட்டன. கவனம் சிதறும் என்று ஜன்னலில் தாள் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.

படி 7: உடைந்ததை உடனே சரிசெய்யுங்கள்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் கீஸ் கைசர் குழுவினர் ஒரு சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுச்சீட்டு மாட்டினார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைத் தரையில் போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். 2008-இல் வெளியான இந்த முடிவு எல்லாத் தவறுகளுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால் தவறுகள் பெருகும், அதனால் உடனே சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம், சின்னத் தவறுக்கும் கடும் தண்டனை என்று திரிந்துபோன கதையும் உண்டு. பள்ளிக்கு அது வேண்டாம். திருத்த வேண்டியது ஜன்னலைத்தான்.

ஒரு பழுதுப் பதிவேடு வையுங்கள். யார் வேண்டுமானாலும், மாணவர் உட்பட, எழுதலாம். கிறுக்கல் 24 மணி நேரத்தில் அழிய வேண்டும், உடைந்த தாழ்ப்பாள் அந்த வாரத்துக்குள். சரிசெய்த தேதியைப் பக்கத்திலேயே எழுதுங்கள், மாணவர் கண்ணில் படட்டும்.

படி 8: போவதற்கு இடம், செய்வதற்கு வேலை

‘அங்கே நிற்காதே, இங்கே உட்காராதே’ என்று சொல்லிக்கொண்டே போனால், அவர்கள் எங்கேதான் போவார்கள்? ஓடி விளையாட ஓரிடம், உட்கார்ந்து பேச நிழல், தனியாக இருக்க விரும்பும் பிள்ளைக்கு ஓர் அமைதியான மூலை ஆகிய மூன்றும் வளாகத்தில் வேண்டும். ஒரே மைதானத்தில் பெரிய பையன்கள் பந்தாடினால் மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். கோடு போட்டுப் பிரியுங்கள், நாள் பிரித்துக் கொடுங்கள். மூன்றாவது இடம் பலரும் மறப்பது. கோபம் தலைக்கேறிய பிள்ளை பத்து நிமிடம் போய் உட்கார இடம் இருந்தால், பல சம்பவங்கள் சம்பவமாகவே ஆகாது.

வளாகத்தின் அளவும் இதில் சேரும். ரோஜர் பார்க்கர், பால் கம்ப் இருவரும் கன்சாஸ் மாநிலத்தில் 35 மாணவர் முதல் 2287 மாணவர் வரை இருந்த 13 உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டு 1964-இல் எழுதினார்கள். பெரிய பள்ளியில் செயல்பாடுகள் அதிகம்தான், ஆனால் ஆட்கள் அதைவிட மிக அதிகம். பலர் வெறும் பார்வையாளர்கள். சிறிய பள்ளியில் ஆள் போதாததால், சுமாராகப் படிப்பவனுக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. உங்கள் பள்ளி பெரிதென்றால் அதைத் துண்டு துண்டாக்குங்கள். ஒரு தளம் ஒரு குடும்பம். அதற்கென்று அறிவிப்புப் பலகை, செடிகள், குழாய், பொறுப்பாளர்கள். குழாயடியில் எங்களுக்குக் கைகொடுத்ததும் இதுதான். இரண்டாவது குழாய் போட்டோம், வரிசையைக் கவனிக்கும் வேலையை அங்கே அதிகம் வம்பு செய்த நான்கு பேரிடமே கொடுத்தோம்.

படி 9: கேமரா பற்றி

மாட்டுங்கள், ஆனால் கடைசியாக. கேமரா நடந்ததைக் காட்டும்; ஓடி வந்து விலக்காது. கழிப்பறையிலும் உடைமாற்றும் அறையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கேமராவை நம்பி ஆசிரியர் தாழ்வாரத்துக்கு வருவதை நிறுத்தினால், முன்பைவிட மோசமாகிவிடும்.

படி 10: ஒவ்வொன்றாக மாற்றி, எண்ணிப் பாருங்கள்

ஆர்வத்தில் பத்து விஷயத்தை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. செலவில்லாததில் தொடங்குங்கள்: பெஞ்சை அகற்றுவது, அட்டவணை, இருக்கை, மேற்பார்வை நடை. பிறகு சிறு செலவு: பல்பு, தாழ்ப்பாள், குழாய், திரை. கட்டடத்தை இடிக்கும் யோசனை கடைசியில் வரட்டும்.

மாற்றத்துக்கு முன் 4 வாரப் புள்ளிகளையும் பின் 4 வாரப் புள்ளிகளையும் அருகருகே வையுங்கள். தேர்வு வாரம், விழா வாரம் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு பொய் சொல்லும். படிக்கட்டில் குறைந்த புள்ளிகள் வண்டி நிறுத்துமிடத்தில் முளைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். முளைத்திருந்தால் அடுத்த வேலை அங்கே. ஒரு பருவம் கழித்து மாணவர் வரைபடத்தை மறுபடி வாங்குங்கள். பதிவேட்டில் சம்பவம் குறைந்து, மாணவர் தாளில் பயம் குறையாமல் இருந்தால், நமக்குத் தெரியாமல் நடக்கிறது என்று அர்த்தம்.

இத்தனை செய்த பிறகும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். படிக்கட்டு, வகுப்பு, மைதானம், பேருந்து என்று எல்லா இடத்திலும் அதே பிள்ளை. அதற்கு இடம் காரணமில்லை. வீட்டில் என்ன நடக்கிறது, காது சரியாகக் கேட்கிறதா, எழுத்துக் கூட்டி வாசிக்க முடிகிறதா என்று உட்கார்ந்து பேச வேண்டிய பிள்ளை அது. நெரிசலால் வந்த சண்டைகள் குறைந்துவிட்டதால், அந்தப் பிள்ளையோடு உட்கார இப்போது உங்களுக்கு நேரம் இருக்கும். ஆலோசகர் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஓய்வறையில் வைத்துப் பேசாமல், யாரும் எட்டிப் பார்க்காத, காற்று வரும் ஓர் அறையாகப் பாருங்கள்.